கோர்ட்டம்மாவின் ஒற்றைக் கோடு

அவர் எதை அடித்தாலும் ஒரே ஒரு கோடு போட்டுத்தான் அடிப்பார். கிறுக்கி மறைக்க மாட்டார். மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு வேண்டாம் என்று பிறகு தோன்றினாலும், அந்தச் சொல்லின் நடுவே மெல்லிதாக ஒரு கோடு, அவ்வளவுதான். அடிபட்ட சொல்லை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். "வேணாம்னு சொன்னதும் தெரியணும், எதை வேணாம்னு சொன்னோம்ங்கிறதும் தெரியணும்" என்பார்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அவருக்குக் கோர்ட்டம்மா என்று பெயர். அவர் வக்கீல் இல்லை. ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தார். காலை எட்டேகால் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் ஆறரை பஸ்ஸில் திரும்புவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. என் அப்பா அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அதனால் எனக்கு அவர் அத்தை. உறவு அவ்வளவுதான். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் விரும்புவாரா என்று தெரியாது.

வழக்குக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்து வருவார். அவற்றைக் கட்டியிருக்கும் கயிற்றை ஒரு பக்கம் இழுத்தால் அவிழ்ந்துவிடும். சாக்கு மூட்டைக்கும் அதே முடிச்சுதான். "இறுக்கிக் கட்டுங்கம்மா, வழியில அவுந்துக்கும்" என்று வண்டிக்காரர் சொன்னால், "அவுந்தா மறுபடி கட்டிக்கலாம். அவுக்க முடியாமப் போனா அறுக்கணும்" என்று பதில் வரும். கூடப்பிறந்த அண்ணனோடு அவருக்குப் பாகப்பிரிவினையில் பெரிய சண்டை. அண்ணன் தெருவில் நின்று, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று கத்திவிட்டுப் போனார். இவர் பதிலுக்கு, "சரிண்ணே, நாளைக்குப் பேசுவோம்" என்றார். அண்ணன் எட்டு மாதம் கழித்து ஒருநாள் வந்தார். முதல் நாள்தான் சண்டை நடந்தது போல, இவர் "காப்பியா, டீயா?" என்று கேட்டாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பாகத்தில் அவருக்கு வந்தது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அதுவும் வாய்க்காலின் கடைசியில். எங்கள் ஊர் வாய்க்காலுக்கு ஒரு பாசன சங்கம் உண்டு. பதிவு செய்த சங்கம், அச்சடித்த விதிப்புத்தகம் எல்லாம் உண்டு. தண்ணீர் குறைகிற வருஷங்களில் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். அந்த முறை கடைமடையில் தொடங்கி மேலே ஏற வேண்டும் என்பது ஐந்தாவது விதி. தலைமடைக்காரர்கள் தங்கள் வயலை உரசிக்கொண்டு தண்ணீர் கீழே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைசி விதி, வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் எந்த விதியையும் திருத்தலாம் என்றது.

என் அப்பா தலைமடைக்காரர். சங்கத்தின் தலைவரும் அவர்தான். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தீர்மானப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடத்தில் பொதுக்குழு கூடியது. தீர்மானத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. ஒன்று, இனி முறை தலைமடையிலிருந்து தொடங்கும். இரண்டு, தொடர்ந்து இரண்டு வருஷம் சாகுபடி செய்யாதவருக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. மூன்று, இந்தத் திருத்தத்தை யாரும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது. மூன்றையும் நான்தான் எழுதினேன். எழுதும்போது என் கவனமெல்லாம் வரி கோணாமல் இருக்கிறதா என்பதில்தான் இருந்தது.

கடைமடைக்காரர்கள் கத்தினார்கள். அத்தை கத்தவில்லை. எழுந்து நின்று, "தலைவரண்ணே, முதல் பிரிவை நான் எதுத்து ஓட்டு போடுறேன். ஆனா அது உங்க அதிகாரம். மத்த ரெண்டும் உங்க அதிகாரமே இல்ல" என்றார்.

"அதென்ன தங்கச்சி கணக்கு? மூணுல ரெண்டு பங்கு இருந்தா எந்த விதியையும் திருத்தலாம்னு போட்டிருக்கு."

"திருத்தலாம்ண்ணே. முறையை மாத்துங்க. எனக்குத் தண்ணி வராது, பயிரு காயும். பரவால்ல. அடுத்த வருஷம் நாலு பேரைச் சேத்துக்கிட்டு வந்து இதே இடத்துல திருப்பி மாத்திக்குவேன். ஆனா தண்ணியை நிறுத்திட்டு, சாகுபடி இல்லன்னு ஓட்டையும் எடுத்துட்டா, நான் எதை வச்சு மாத்துறது?"

யாரோ பின்னாலிருந்து, "கோர்ட்டம்மா கேஸ் நடத்துது" என்றார்கள். சிரிப்பு.

அவரும் சிரித்தார். "கேஸுதான். டெல்லியில பதிமூணு ஜட்ஜு உக்காந்து சொன்னது. அரசியல் சட்டத்தைப் பார்லிமெண்ட்டு திருத்தலாம். ஆனா அதோட அடிப்படையே இல்லாமப் பண்ணக் கூடாது. பார்லிமெண்ட்டுக்கே இல்லாத அதிகாரம் நம்ம வாய்க்கா சங்கத்துக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"பதிமூணு பேரும் அப்படித்தான் சொன்னாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல. ஏழு பேரு இந்தப் பக்கம், ஆறு பேரு அந்தப் பக்கம்."

"அப்ப ஒரு ஆளு வித்தியாசம். அதுக்கா இவ்வளவு பேச்சு?"

"ஒரு ஆளுதாண்ணே. அதனாலதான் ஒவ்வொரு ஆளோட ஓட்டும் இருக்கணும்ங்கிறேன்."

அவருடைய வக்கீல் அந்தத் தீர்ப்பின் சில பக்கங்களை வெவ்வேறு வழக்குகளில் எடுத்துக் காட்டுவார். அவற்றை டைப் அடித்து அடித்தே அத்தைக்கு மனப்பாடம். மூன்றாவது பிரிவைப் பற்றியும் சொன்னார். எமர்ஜென்சி காலத்தில் டெல்லியில் இதையேதான் எழுதிப் பார்த்தார்களாம், நாங்கள் செய்யும் திருத்தத்தை எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று. பின்னால் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்று சொல்லிவிட்டது. "அளவா குடுத்த அதிகாரத்தை வச்சுக்கிட்டு, அளவே இல்லாத அதிகாரம்னு தனக்குத்தானே எழுதிக்க முடியாது" என்றார்.

"அது டெல்லி. இது ரெண்டு மைல் வாய்க்கா" என்றார் அப்பா. ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று பிரிவும் நிறைவேறின.

வீட்டுக்கு வந்து நான் இன்னொரு வேலையும் செய்தேன். விதிப்புத்தகத்தில் ஐந்தாவது விதியின் மேல் ஒயிட்னர் பூசி, காய்ந்ததும் புதிய விதியை அழகாக எழுதினேன். அப்பா சொல்லவில்லை. பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நானே செய்தது. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அத்தையைப் பார்த்தபோது பெருமையாகவே காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பாப்பா, ஒயிட்னர் போடாத. அடிச்சா ஒரு கோடு. ஓரத்துல கையெழுத்து. கீழ என்ன இருந்துச்சுன்னு நாளைக்கு வர்றவனுக்குத் தெரியணும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

அவர் வழக்குப் போட்டார். இங்கேதான் ஊரே சிரித்த ஒரு சிக்கல் வந்தது. அவர் வேலை பார்த்த வக்கீல்தான் பல வருஷமாகச் சங்கத்துக்கும் வக்கீல். அத்தை வேறொரு இளம் வக்கீலை வைத்துக்கொண்டார். அவருடைய மனுவுக்குச் சங்கம் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதை டைப் அடிக்க வேண்டியது அத்தைதான்.

அப்பா அன்று வக்கீலின் அறையில் இருந்தார். வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். வக்கீல் சங்கடப்பட்டு, "ஏம்மா, வழக்கும் நீயே போட்டு, அதுக்குப் பதிலும் நீயே அடிக்கப் போறியா?" என்று கேட்டிருக்கிறார்.

"வேற யாரு சார் உங்க கையெழுத்தைப் படிப்பா?" என்று சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்து அடித்தார். தன்னைப் பொய்க்காரி என்று சொல்கிற வரியையும் அடித்தார். பாதியில் நிறுத்தி, "ஏழாவது பாராவுல இருந்து ஒம்போதுக்குப் போயிட்டீங்க சார். எட்டு விட்டுப் போச்சு. அது உங்க கட்சிக்காரருக்கு முக்கியமான பாயிண்ட்டு" என்றாராம்.

"நம்மளை எதுத்துக் கேஸ் போட்டவ, நம்ம பதில்ல ஒரு புள்ளி விடல" என்று அப்பா சொன்னபோது அவர் குரலில் எரிச்சல் இல்லை. தன் சொந்தத் தங்கையைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. அம்மா, "அப்ப கேஸை விட்டுட்டு அந்தப் பொண்ணுக்கே தலைவர் பதவியைக் குடுத்துடுங்க" என்றார். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

விதிப்புத்தகத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுதியவள் என்று அப்பா என்னையும் கூட்டிப் போனார். முன்சீப் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருக்கலாம். அந்தப் பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒயிட்னருக்கு அடியில் பழைய விதி நிழல் போலத் தெரிந்தது. அதை மெதுவாக வாசித்தார். "யாரு இதைப் பூசினது?" என்றார். எழுந்து, நான்தான், தெரியாமல் செய்தேன் என்றேன். முன்சீப் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அத்தையின் இளம் வக்கீல் அதை மோசடி என்று மனுவில் சேர்க்க விரும்பினாராம். அத்தை விடவில்லை. "அது சுத்தமா இருக்கணும்னு செஞ்ச பொண்ணு. மோசடின்னு எழுதுனா அந்தச் சொல்லு அது பேர்ல ஒட்டிக்கிடும்" என்று சொல்லிவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் வந்த இடைக்கால உத்தரவும் பிறகு வந்த தீர்ப்பும் ஒன்றுதான். இரண்டாவது, மூன்றாவது பிரிவுகள் செல்லாது. உறுப்பினரின் ஓட்டையும் அவர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியையும் திருத்தம் என்ற பெயரில் சங்கம் பறிக்க முடியாது. முதல் பிரிவில் நீதிமன்றம் தலையிடவில்லை. முறையை எங்கிருந்து தொடங்குவது என்பது சங்கத்தின் முடிவு.

அதாவது அவருக்கு ஓட்டு மிஞ்சியது, தண்ணீர் வரவில்லை.

அம்மாவுக்கு இது புரியவேயில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "என்னம்மா ஜெயிச்ச, பயிரு காயுதே" என்று கேட்டார்.

"அந்தப் பெரிய கேஸைப் போட்டவரும் அப்படித்தான் அண்ணி. கேரளாவுல ஒரு மடத்துச் சாமியாரு. மடத்து நிலத்தைக் காப்பாத்தணும்னு போனாரு. நில விஷயத்துல அவருக்கு ஒண்ணும் கிடைக்கல. ஆனா அவரு பேரைச் சொல்லித்தான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் வாதாடுறாங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. தன் ஆறு மாவும் அந்த மடமும் ஒரே வரிசையில் நிற்பதாக அவர் நினைத்தார். இப்போது நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன். அப்பா மஞ்சக்காணியாக, அதாவது மகளுக்குக் கொடுக்கும் கல்யாணச் சீராக, மூன்று மா நிலத்தை என் பெயருக்கு எழுதினார். அதனால் எனக்கும் சங்கத்தில் ஒரு ஓட்டு வந்தது. இதற்குள் தலைமடையில் தொடங்கும் முறை எல்லோருக்கும் அலுத்துப் போயிருந்தது. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடிப்பதற்குள் முறைத் தண்ணீர் நின்றுவிடும், நடுமடைக்கே எட்டவில்லை. அத்தை வீடு வீடாகப் போய்ப் பேசினார். அந்த வருஷப் பொதுக்குழுவில் பழைய விதியைத் திரும்பக் கொண்டுவரும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார்.

நான் போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே தலைவர் நாற்காலியில் அப்பா. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது என் கை மடியிலேயே இருந்தது. அப்பா எழுதிக் கொடுத்த நிலம், அதை வைத்து அப்பாவுக்கு எதிராக எப்படி என்று நினைத்தேன். தூக்கலாம் என்று நினைத்தேன். ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தபோது எண்ணி முடித்துவிட்டார்கள். ஒரு ஓட்டில் தோற்றது.

அந்தச் சம்பாவும் அவர் வயலில் கதிர் வெளியே வருவதற்கு முன், பொதி கட்டும் பருவத்தில் காய்ந்தது. ஆட்டுக்காரர்கள் வந்து மேய்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அவர் எதிரே வந்தார். அவரும் எண்ணியிருப்பார், எண்ணாமல் இருக்கமாட்டார். நான், "அத்தை, நான் வந்து…" என்று தொடங்கினேன்.

"இருக்கட்டும் பாப்பா. அடுத்த வருஷமும் கூட்டம் இருக்குல்ல" என்றார்.

அவர் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாற்றி வைத்திருந்த வழி, தப்பு செய்த எனக்கும் சேர்த்துத்தான் என்பது அன்று பஸ்ஸில் வரும்போது புரிந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். ஆறு வயது. நான் வாரத்துக்கு ஒரு சட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை அதை மாற்றுகிற அம்மா. செல்போன் அரை மணி நேரம் என்பேன். காய்ச்சல் வந்தால் ஒரு மணி என்பேன். பிறகு, தப்பு செய்துவிட்டோமோ என்று இன்டர்நெட்டில் தேடுவேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் அவள் விடாமல் வாதாடியபோது, "இனிமே இதைப் பத்திப் பேசவே கூடாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் என் கையால் எழுதிய அந்த மூன்றாவது பிரிவு நினைவுக்கு வந்தது. "செல்போன் அரை மணிதான். ஆனா பேசலாம். ஞாயித்துக்கிழமை பேசலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே என்னை எழுப்பிவிட்டாள்.

கோர்ட்டம்மா இப்போது எங்கள் ஊரில் இல்லை. அவர் வேலை பார்த்த வக்கீல் காலமான பிறகு குத்தாலத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். ஆறு மாவையும் பக்கத்து வயல்காரர் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். இன்றும் முறைத் தண்ணீர் முதலில் அந்த வயலுக்குத்தான் போகிறது. அது எப்படி என்று சொல்லி முடிக்கிறேன்.

அடுத்த வருஷக் கூட்டத்துக்குக் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போனேன். வேண்டாம், வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். வழியெல்லாம் குழந்தை அழுதது. வந்தது சரிதானா என்று நூறு தடவை யோசித்தேன். ஆதரிப்பவர்கள் என்றபோது குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். அப்பா ஒவ்வொரு கையாகக் காட்டிச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நிற்கவில்லை, குரல் மாறவில்லை. "முப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த கைக்குப் போனார். அந்த ஒரு எண்ணுக்காக இன்றும் என் அப்பாவை நினைத்துப் பெருமைப்படுகிறேன். உண்மையில் என் கை இல்லாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். ஐந்து ஓட்டு கூடவே இருந்தது.

கடைமடைக்காரர்கள் கை தட்டினார்கள். அத்தை எழுந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தோம்.

"தலைவரண்ணே, தீர்மானத்துல இன்னொரு வரி சேக்கணும். இதுல தோத்தவங்க அடுத்த கூட்டத்துல இதைத் திரும்பக் கொண்டுவரலாம்னு."

"நீதான் ஜெயிச்சிட்டியே தங்கச்சி. உனக்கு எதுக்கு அது?"

"எனக்கு இல்லண்ணே. உங்களுக்கு."

அப்பா என்னைப் பார்த்து, "புத்தகத்தை வாங்கு. நீ எழுதுனா படிக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

குழந்தையை அத்தை வாங்கிக்கொண்டார். நான் எழுதினேன். விதிப்புத்தகத்தில் என் கையால் எழுதியிருந்த புதிய விதிக்குக் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குக் கீழே அது இன்னமும் தெளிவாகப் படிக்கக் கிடைத்தது. ஓரத்தில் என் கையெழுத்தை வைத்துவிட்டு, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.